பத்துக்குப் பத்து

அத்தியாயம் பதினேழு

போன வாரம் பரமலிங்கத்தாரை அம்மாள் கோயில் வாசலில், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தபடி நிற்க விட்டுவிட்டு வந்தோம்.

"கண்ணைக் கட்டிப்போட்டுக் கேட்டாலும் என்ர மெசின் எது, மருமோன்ர மெசின் எது எண்டு சொல்லுவன். சொல்லாட்டி இனி இந்த வீதியில நான் மெசினுக்கு முன்னால இருக்க மாட்டன். இது சத்தியம்!"

சத்தியம் செய்வது லேசு. கை சுட்ட பிறகுதான் மற்றதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மனுசன் ஓரிடத்தில் இருக்கவில்லை. கேற்றடிக்குப் போனார், கிணற்றடிக்குப் போனார், கோழிக்கூட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். குடிக்கக் கொடுத்த தேத்தண்ணி மூன்று இடத்தில் மூன்று கோப்பையில் ஆறிக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு என்ர சீனி முழுக்க எறும்புக்குத்தான்" என்று கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள் அவர் மனைவி அன்னபூரணம். "நாலு மணிக்கு இன்னும் அஞ்சு மணித்தியாலம் கிடக்கு. இப்பவே ஏனுந்த நடை?"

"நான் நடக்கேல்லை. காலைக் கொஞ்சம் ஆட்டுறன்."

நாரந்தனையில் ஒலிபெருக்கி என்றால் நாற்பது வருடமாகப் பரமலிங்கம்தான். கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றையும் வேறு ஆட்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அம்மாள் கோயில் திருவிழாவின் பன்னிரண்டு நாளை மட்டும் விடவில்லை. தேர்முட்டிக்குப் பக்கத்துக் கொட்டிலில், பழைய அம்பிளிபயரின் குமிழில் கையை வைத்துக்கொண்டு இருக்கும்வரைதான் அவர் பரமலிங்கத்தார். அது போனால் ஊரில் வயது போன இன்னொரு மனுசன், அவ்வளவுதான். இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மகள் நிருஜாவுக்குச் சொல்லாமலே தெரியும்.

போன வருடம் பிரசங்கம் கேட்க வந்த சனத்தில் பாதி, சத்தம் காதைக் கிழிக்கிறது என்று இடையிலேயே எழும்பிப் போனது. அதற்காக இந்த வருடம் மருமகன் மிதுஷன் புது அம்பிளிபயர் ஒன்றோடு வந்து நின்றான். சுருவில் ஊர்ப் பெடியன், யாழ்ப்பாணத்துக் கலியாண மண்டபங்களில் ஒலி அமைக்கிறவன், தொழில் தெரிந்தவன். மாமனார் அந்த மெசினுக்கு வைத்த பெயர் 'சொக்லட் பெட்டி'.

கோயில் தலைவர் சோமாஸ்கந்தன் கெட்டிக்காரர், நைசாக நழுவிவிட்டார். "ரெண்டும் ஒரு வீட்டு மெசின். ஆர் இருக்கிறதெண்டு உங்களுக்குள்ள முடிவெடுங்கோ. சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து கேப்பன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

மிச்சம் நிருஜாவின் தலையில் விழுந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் புருசன். யார் வென்றாலும் இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவர் வரமாட்டார்.

"செய்யிறதெண்டா ஒழுங்காச் செய்வம்" என்றாள். "பேந்து ஒருத்தரும் குறை சொல்லக்கூடாது."

ஒழுங்காகச் செய்வது என்றால் என்ன பாடு என்று அப்போது அவளுக்கே தெரியாது.

அம்மாவின் சேலைகள் இரண்டைக் கொடிக்கயிற்றில் போட்டு விறாந்தையைக் குறுக்கே மறைத்தாள். மறைப்புக்குப் பின்னால் இரண்டு மெசினும். முன்னால் ஒரேயொரு சோடி ஸ்பீக்கர் பெட்டி. ஆளுக்கொரு சோடி வைத்தால் பெட்டியைத்தான் சோதிப்போமே தவிர மெசினை அல்ல. மறைப்புக்கு முன்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு கதிரை. அதில் பரமலிங்கத்தார், கண்ணில் துவாய்க் கட்டோடு இருக்க வேண்டும்.

முதல் வில்லங்கம் சத்தத்தில் வந்தது.

"மாமா, ரெண்டும் சமனா இருக்கவேணும். ஒண்டு துளி கூடினாலும் கூடினதுதான் திறமெண்டு காது சொல்லும்" என்றான் மிதுஷன்.

"உம்மட காது சொல்லும்."

"எல்லாற்ர காதும் அப்பிடித்தான் மாமா."

கதிரையில் கைத்தொலைபேசியை வைத்து, அது காட்டும் சத்த அளவைப் பார்த்துப் பார்த்து இரண்டு மெசினின் குமிழையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். அரை மணித்தியாலம் போயிற்று. பரமலிங்கத்தாருக்குப் பொறுமை போயிற்று.

"என்ர காதுக்குச் சோதனை வைக்க ரெலிபோனைக் கேக்கிறாங்கள்! கலிகாலமடாப்பா!"

இரண்டாவது வில்லங்கம் ஒழுங்கில். பழசு, புதுசு, பழசு, புதுசு என்று மாறி மாறிப் போட்டால் பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். நிருஜா தன் இஷ்டத்துக்குப் போட்டால், மகளின் மனம் எப்படி ஓடும் என்று தகப்பனுக்குத் தெரியாதா?

"காசைச் சுண்டிப் பாப்பம்" என்றான் மிதுஷன்.

குசினி வாசலில் நின்ற அன்னபூரணம் நெஞ்சில் கை வைத்தாள். "அம்மாளின்ர காரியத்துக்குக் காசு சுண்டுறதோ? பூ வைச்சுப் பாருங்கோ பிள்ளையள்."

நல்ல யோசனை என்று நிருஜா துள்ளினாள். கோயிலில் செய்கிறதுதானே! சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் இலையில் பொட்டலமாகக் கட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. எடுக்கிறவருக்கும் என்ன வருமென்று தெரியாது. விஞ்ஞானப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை அம்மா ஒரு வசனத்தில் சொல்லிவிட்டாள்.

"அப்ப வெள்ளைப்பூ என்ர மெசினுக்கு" என்றார் பரமலிங்கம்.

"ஏன் மாமா உங்களுக்கு? வெள்ளை வந்தால் அம்மாள் ஓமெண்டு சொன்ன மாதிரி. சிவப்பு வந்தால் வேண்டாமெண்டு. எனக்குச் சிவப்போ?"

"ஓம், அர்த்தம் அதுதானே!"

"ஐயோ, ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ!" நிருஜாவுக்கு உச்சியில் ஏறிவிட்டது. "இது வெறும் அடையாளம்! இதில ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. இந்தப் பூவுக்கு ஒரு அர்த்தமும் இல்லை!"

"பூவுக்கு அர்த்தமில்லையெண்டு வாயால சொல்லாதை பிள்ளை" என்று அன்னபூரணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இப்ப மூண்டு தரம் வெள்ளை வந்தால் பேந்தேன் சோதினை? அதுவே அம்மாளின்ர உத்தரவு."

பூ வைத்துப் பார்க்கிற ஊரில் இந்தப் பிசகு வராமல் வேறெங்கே வரும்? முக்கால் மணித்தியாலம் இதிலே கரைந்தது. கடைசியில் வெள்ளையையே தள்ளிவிட்டார்கள். பழசுக்குச் செவ்வரத்தை, புதுசுக்கு மஞ்சள் அலரி. இரண்டும் ஒரே வேலியில் பூக்கிறவை, அம்மாளுக்கும் மனவருத்தம் வராது. பூவரசம் இலையில் பூவுக்கு ஆறாகப் பன்னிரண்டு பொட்டலம் கட்டிக் கடகத்தில் போட்டுக் குலுக்கி, பத்தை மட்டும் எடுப்பதென்று நிருஜா முடிவெடுத்தாள். பன்னிரண்டையும் எடுத்தால் கடைசியில் விரல் விட்டு எண்ணியே பதில் சொல்லிவிடலாம்.

தன் குரலும் காட்டிக்கொடுக்கும் என்று அவள் பயந்தாள். ஆகவே வாயே திறப்பதில்லை. ஒவ்வொரு தரமும் கரண்டியால் மேசையில் இரண்டு தட்டு, பிறகு பாட்டு. மிதுஷன் வாசற்படியில் இருந்து, மாமா சொல்கிற பதிலைக் கொப்பியில் எழுதவேண்டும். எது ஓடுகிறது என்று அவனுக்கும் தெரியாது.

"மூச்சுச் சத்தமும் வரக்கூடாது" என்றாள் அவனிடம்.

"செத்தவன் மாதிரி இருக்கிறன். போதுமே?"

பாட்டு மாமாவின் தெரிவு. அவருடைய பழைய நாதஸ்வரக் கச்சேரி. கண்ணில் துவாயைக் கட்டி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுழன்றது. நிருஜா முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். செவ்வரத்தை. பழைய மெசினின் ஆளியைப் போட்டாள், புதியதை நிறுத்தினாள். இரண்டு தட்டு.

நாதஸ்வரம் எழும்பியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பழசு."

அடுத்தது அலரி.

"புதுசு. உந்தச் சொக்லட் பெட்டி."

அடுத்ததும் அலரி. "புதுசு." அடுத்தது செவ்வரத்தை. "பழசு. இதென்ன கேள்வி, பழசுதான்."

ஆறு, ஏழு, எட்டு. மனுசன் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. பத்தாவது முடிந்ததும் சேலையை விலக்கி, வரிசையாக வைத்த பூக்களையும் மிதுஷனின் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பத்துக்குப் பத்து" என்றாள்.

பரமலிங்கத்தார் துவாயை அவிழ்த்தார். சிரிப்பார், கத்துவார், மருமகனைச் சீண்டுவார் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. துவாயால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பாட்டம் அப்படியே இருந்தார். தோள் குலுங்கியது. காலையிலிருந்து நடந்த நடையெல்லாம் அந்த அழுகைக்குத்தான் போலிருக்கிறது.

மிதுஷன் எழுந்து வந்தான். "மாமா, நான் தோத்திட்டன். உங்கட காதுதான் காது."

"நல்ல மெசின் தம்பி உம்மடது" என்றார் அவர், தாராளமாக. வென்றவருக்கு அது கஷ்டமில்லையே. "கலியாண மண்டபத்துக்கு நல்லாப் பொருந்தும்."

மிதுஷன் பின்பக்கம் போய், மெசின் வந்த மட்டைப்பெட்டியைத் தேடத் தொடங்கினான். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

நிருஜாவுக்கு அப்பா வென்றது சந்தோசம்தான். ஆனால் ஒன்று உறுத்தியது. நேற்று இரவு முற்றத்தில் வைத்துச் சும்மா பழகிப் பார்த்தபோது மிதுஷனால் பத்துக்கு ஆறுதான் சொல்ல முடிந்தது. அவளுக்கு ஐந்து. இரண்டு மெசினும் அவ்வளவு கிட்டக் கிட்ட இருந்தன. ஒரு பிள்ளை பரீட்சையில் பத்துக்குப் பத்து எடுத்தால் ஆசிரியைக்குப் பெருமை வரவேண்டும். அவளுக்குச் சந்தேகம் வந்தது. தன்னையே திட்டிக்கொண்டு குசினிக்குப் போனாள்.

அன்னபூரணம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கொப்பர் மட்டுமே பத்து? நானும் பத்தும் சரியாச் சொன்னனான்."

"என்னம்மா?"

"மெய்யா! இஞ்சையிருந்து எனக்குள்ள சொல்லிப் பாத்தனான். பழசு, புதுசு, புதுசு, பழசு… ஒண்டும் பிழைக்கேல்லை."

"உங்களுக்கு அவ்வளவு காதோ அம்மா!"

"காதோ? கோதாரி, காது ஆருக்கு வேணும்? பழசைப் போடேக்கை உந்த லைட் மங்குது. புதுசுக்கு மங்கேல்லை. அதைப் பாத்துச் சொன்னனான்" என்று தலைக்கு மேலே இருந்த மின்குமிழைத் துருவற்கையால் காட்டினாள்.

நிருஜா மின்குமிழை நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் வீடு மின்கம்பி வரிசையின் கடைசி வீடு. மத்தியானத்தில் மின்சாரம் ஏற்கெனவே இழுத்துப் பறித்துத்தான் வரும். பழைய மெசின் தாகம் எடுத்த ஆனை மாதிரி மின்சாரத்தைக் குடிக்கும். அப்படியென்றால்…

விறாந்தைக்கு ஓடினாள். பழைய மெசினைப் போட்டாள். கதிரைக்கு மேலே மின்விசிறி ஒரு மாற்றுத் தளர்ந்தது. கடகடச் சத்தமும் மெதுவாகியது. புதியதற்கு மாற்றினாள். விசிறி பழையபடி சுழன்றது. துவாய் கட்டிய முகத்தில் காற்றுக் குறைவதும் கூடுவதும் எப்படித் தெரியாமல் போகும்?

கண்ணைக் கட்டினோம், சத்தத்தைச் சமன் செய்தோம், பூக் கட்டினோம், வாயைக் கட்டினோம். விசிறியை விட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொல்லாமல் விடன் பிள்ளை" என்றாள் பின்னால் வந்த அன்னபூரணம், மெதுவாக. அவளுக்கும் விளங்கிவிட்டது. "அந்தாள் இப்பதான் முகம் கழுவிப் பட்டு வேட்டியை எடுக்கிறார். நான் ஏன் வாயை வைச்சனான்!"

"என்ன எடுக்கிறன்?" பரமலிங்கத்தார் அறை வாசலில் நின்றார், வேட்டி தோளில். "ஏன் ரெண்டு பேரும் ஃபானைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

பொய் நிருஜாவின் வாய் வரைக்கும் வந்தது. சொல்ல மட்டும் ஏலவில்லை. அவரைக் கதிரையில் இருத்தி, மெசின்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினாள். அவர் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்ப நான் கள்ளம் செய்தனான் எண்டுறியோ?"

"ஐயோ இல்லை அப்பா! உங்களுக்கே தெரியாமல் நடந்திருக்கும். காத்துக் குறையேக்கை பழசு எண்டு மனசுக்குப் பட்டிருக்கும். காதாலதான் கேட்டதெண்டு நீங்கள் நினைச்சிருப்பியள்."

வேட்டியை மடித்து மடித்து மடியில் வைத்தார்.

"விடுங்கோப்பா. எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். மூண்டேகால் ஆகுது. சோமாஸ்கந்தர் வந்தால் பத்துக்குப் பத்தெண்டு சொல்லுவம். பொய்யுமில்லைத்தானே."

"அம்மாளுக்குத் தெரியுமெல்லே" என்றார் பரமலிங்கம். "நான் கற்பூரம் அணைச்சது ஃபானுக்கில்லை."

எழும்பிப்போய் விசிறியை நிறுத்தினார். பின்பக்கம் பார்த்துக் கத்தினார். "தம்பி மிதுஷன்! பெட்டியைக் கட்டாதையும். இஞ்சை வாரும். சோதினை இன்னும் முடியேல்லை!"

இந்த மனுசனை என்ன செய்வது? வென்றதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பக் கொண்டுபோய் மேசையில் வைக்கிறார். நிருஜாவுக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

இந்தமுறை இரண்டு மெசினும் தொடர்ந்து ஓடும். ஸ்பீக்கருக்குப் போகிற கம்பியை மட்டும் மாற்றுவது. விசிறி இல்லை, எல்லா விளக்கும் அணைந்திருந்தது. விறாந்தை வெக்கையில் அவிந்தது. ஐந்து நிமிடத்தில் நாலு பேருக்கும் உடுப்பு முதுகோடு ஒட்டியது.

"முதல் தரம் என்ர நாதஸ்வரம். இந்தத் தரம் உம்மட பாட்டு. நியாயமெண்டா நியாயம்தான்" என்றார் மாமா.

மிதுஷன் தயங்கினான். "அப்ப சலங்கை போடட்டோ மாமா? போன மாசம் ஒரு அரங்கேற்றத்தில நானே பதிஞ்சது. துவக்கத்தில ஒரு நிமிசம் வெறும் சலங்கைதான். மெசின் சுத்தமோ இல்லையோ எண்டு அதில வடிவாத் தெரியும்."

"போடுமன். எனக்கென்ன?"

துவாயைத் தானே இறுக்கிக் கட்டினார். காதுகள் இரண்டும் மறையாதபடி மடிப்பைச் சரி செய்தார். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் முன்னே நீட்டினார்.

நிருஜா பொட்டலம் பிரித்தாள். அலரி. கம்பியை மாற்றினாள். கரண்டியால் இரண்டு தட்டு.

சலங்கை கலகலவென்று எழும்பியது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்டது. குசினியில் அன்னபூரணம் துருவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அவ்வளவு வடிவு.

பத்து விநாடி. இருபது விநாடி. பரமலிங்கத்தார் அசையவில்லை. கூர்ந்து கேட்கிறார் என்று நிருஜா நினைத்தாள். இந்தத் தரம் அவசரப்படாமல் இருப்பது நல்லதுதான் என்றும் நினைத்தாள். நெற்றியிலிருந்து வேர்வை துவாய்க்குள் இறங்குவதைச் சேலை இடுக்கால் பார்த்தாள்.

"பிள்ளை" என்றார் அவர். "தட்டினது கேட்டது. பாட்டைப் போடன்."

நிருஜாவின் கை கம்பியிலேயே நின்றது.

சலங்கை ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் சேலையை விலக்கி மிதுஷனைப் பார்த்தாள். பென்சிலைப் பிடித்த கை அந்தரத்தில் நிற்க, அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கதைத்தால் கேட்கிறார், கூப்பிட்டால் திரும்புகிறார், நாதஸ்வரத்துக்குத் தாளம் போடுகிறார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நாற்பது வருடம் கொம்பு ஸ்பீக்கருக்குக் கீழே இருந்த காது, சலங்கை மாதிரி உச்ச ஓசைகளை மட்டும் எப்போதோ இழந்துவிட்டது. அழுகைச் சத்தம் வெளியே வராமல் நிருஜா வாயைப் பொத்தினாள்.

ஒரு சொல் போதும் மிதுஷனுக்கு. 'மாமா, பாட்டு ஓடிக்கொண்டுதானே இருக்கு.' அவ்வளவுதான். கொட்டில், மெசின், பன்னிரண்டு நாள், எல்லாம் அவனுடையது.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"வயர் கழண்டு போச்சுப்போல மாமா" என்றான். "கொஞ்சம் பொறுங்கோ. இப்ப பூட்டிவிடுறன்."

"கெதியாப் பூட்டும். வேர்த்து ஒழுகுது."

கலியாணம் முடித்த இந்த இரண்டு வருடத்தில் நிருஜாவுக்குத் தன் புருசன்மேல் இவ்வளவு அன்பு ஒருநாளும் வந்ததில்லை. பாட்டை நிறுத்தக் கையை நீட்டினாள்.

அதற்குள் படியில் செருப்புச் சத்தம். குடையைச் சுருக்கிக்கொண்டு கோயில் தலைவர் சோமாஸ்கந்தன் உள்ளே வந்தார். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தி, வாய் நிறையச் சிரிப்போடு.

"பரமலிங்கம்! ஆற்ர சலங்கை ஐயா இது? கேற்றடி வரைக்கும் கணீரெண்டு கேக்குது!"

துவாய் கட்டிய முகம் அவர் பக்கம் திரும்பியது.

"எந்தச் சலங்கை?" என்று கேட்டார் பரமலிங்கத்தார்.